அணையும் ரயிலும் விட்டுச்சென்ற பாதை

சரளைத் தடங்கள் – 11

நியூசிலாந்தின் தென் தீவில், கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, குரோம்வெல் என்றொரு ஊர். கவாராவ் ஆறும் குளூதா ஆறும் சேரும் கூடுதுறையில் உண்டான ஊர் அது. ஒன்று தெளிந்த நீல நீர், மற்றொன்று மலை வண்டலைச் சுமந்துவரும் கலங்கல். இரண்டும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும். அந்தக் கூடுதுறையும் அதை ஒட்டியிருந்த பழைய கடைவீதியும் இன்று ஏரிக்கு அடியில் இருக்கின்றன. கீழே கிளைடு என்ற ஊருக்கு மேல்புறம் அணை கட்டி 1992-93இல் நீரைத் தேக்கினார்கள். தங்கம் தேடி வந்த சீனத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பும் அப்போது முழுகிப்போனது. முழுகுவதற்கு முன் அகழாய்வு செய்து கொஞ்சம் பதிவு செய்துவைத்தார்கள். கடைவீதிக் கட்டடங்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து மேட்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அங்கேயிருந்துதான் இந்த வாரம் சைக்கிளை எடுக்கிறோம்.

அந்த ஏரியின் ஓரமாகப் போகும் டன்ஸ்டன் ஏரிப் பாதை 2021 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 55 கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஏரியின் எதிர்க்கரையில் போகிறது. நாம் போகும் கரையில், ஊரைத் தாண்டி மலையிடுக்குக்குள் நுழைந்த பிறகு, காரோ லாரியோ வர வழியே கிடையாது. தரையெல்லாம் அழுத்திய சரளை. தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் இங்கே வழுக்கும். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாத அகல டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் கைக்கும் முதுகுக்கும் நல்லது.

முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திராட்சைக்குரியது. பானக்பர்ன் குன்றுகளைப் பார்த்தவுடன் இவை இயற்கையாக உண்டானவை இல்லையோ என்று சந்தேகம் வரும். சந்தேகம் சரிதான். 1862இல் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் இந்த மலையிடுக்கில் எடுத்த 87 பவுண்டு தங்கத்தை டனீடன் நகரில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அதைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். பின்னாளில் மலைமேலிருந்து வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து, குழாயில் பீய்ச்சியடித்துக் குன்றுகளையே கரைத்துச் சலித்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. செங்குத்தாக அறுபட்ட மண்சுவர்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில்தான் 1990களில் திராட்சை நடத் தொடங்கினார்கள்.

நம் கம்பத்துத் தோட்டங்களைப் போலத் தலைக்கு மேல் பந்தல் போடுவதில்லை. கம்பி கட்டி, இடுப்புயர வேலியாக வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். பெரும்பாலும் பினோ நுவார் என்ற கருந்திராட்சை, ஒயினுக்கு மட்டுமே. உலகில் ஒயின் திராட்சை விளையும் தென்கோடி வட்டாரங்களில் இது ஒன்று. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரைக்கூட எட்டாத வறண்ட மண். கோடைப் பகலில் பாறை சுடும், இரவில் சட்டென்று குளிர்ந்துவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் பழத்துக்கு நிறமும் மணமும் கொடுக்கிறது என்கிறார்கள். ஆனால் வசந்தத்தில், அதாவது நமக்குப் புரட்டாசி ஐப்பசியாக இருக்கும்போது, விடிகாலை உறைபனி ஒன்று இறங்கினால் ஒரு வருடத்து விளைச்சல் போய்விடும். அதைத் தடுக்க நடு இரவில் கொடியின்மேல் நீர் தெளிக்கிறார்கள். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் மொட்டைக் காக்கிறது! காற்றைக் கலக்கிவிட உயரமான விசிறிகள் வைத்திருக்கிறார்கள். சில இரவுகளில் ஹெலிகாப்டர்கூடத் தோட்டத்துக்கு மேலே சுற்றும். பாதையிலிருந்து பார்க்கும்போது அந்த விசிறிக் கம்பங்கள் வரிசைகளுக்கு நடுவே உயர்ந்து தெரியும்.

கார்னிஷ் முனையைச் சுற்றித் திரும்பியதும் தோட்டங்கள் முடிந்துபோகின்றன. இருபுறமும் அடுக்கடுக்கான சிஸ்ட் பாறை, கீழே ஆழ்பச்சை நீர். சில இடங்களில் தரை என்று எதுவுமே இல்லை. பாறையில் இரும்பு முட்டுக்களை அடித்து அதன்மேல் பலகைத் தளம் போட்டிருக்கிறார்கள். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். ஒதுங்குபவர் சிரித்து வணக்கம் சொல்லாமல் போவதில்லை. கைப்பிடிக்கு அப்பால் கண்ணுக்கு நேர் கீழே ஏரி. உயரத்துக்கு அஞ்சுபவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்றம், கொண்டையூசி வளைவுகளாக. கெயின்மியூர் சரிவு அது. இந்த மலையிடுக்கின் சரிவுகள் பலவும் மெல்ல நழுவும் தன்மை கொண்டவை. அணையில் நீர் ஏற ஏற மலை ஏரிக்குள் சரிந்துவிடக்கூடாது என்று, மலைக்குள் சுரங்கம் சுரங்கமாகத் தோண்டி உள்நீரை வடிய வைத்திருக்கிறார்கள். அதற்குமேல்தான் நாம் மிதித்துக்கொண்டு போகிறோம். இறங்கியதும் ஒரு பள்ளத்துக்கு மேல் 85 மீட்டர் அளவில் தொங்குபாலம். சக்கரம் ஏறினால் லேசாக ஆடும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாட்டின் மிகப் பெரிய கான்கிரீட் அணை, அப்புறம் கிளைடு.

இந்தப் பாதையில் யார் வருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்காரர்கள் பேட்டரி சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். பின்னால் இழுவை வண்டி கட்டிக் குழந்தையை உட்கார வைத்துத் தாய்மார்கள் வருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை பெற்றோரை முந்திக்கொண்டு போகிறது, யாரும் கத்திக் கூப்பிடுவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் மிதிக்கும்போது உடம்பு முழுக்கக் காதாக இருக்கும். பின்னால் வரும் லாரி எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறாது. இங்கே அந்தப் பயம் இல்லை. ஆகவே காதுக்கு மற்றதெல்லாம் கேட்கிறது, பாறையிடுக்கில் முளைத்திருக்கும் காட்டுத் தைம் செடியின் வாசனை மூக்குக்கு எட்டுகிறது. இத்தனை பேர் சைக்கிள் ஏறக் காரணம் அவர்களுடைய கால் பலம் இல்லை. வண்டிகள் வராத ஒரு நீண்ட துண்டு நிலத்தை அவர்களுக்காக யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி விட்டுக்கொடுத்த இன்னொரு துண்டு நிலம், ஒரு பழைய ரயில் தடம், கிளைடில் தொடங்குகிறது. டனீடனிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போடும் வேலை 1879இல் ஆரம்பித்தது. மிடில்மார்ச் என்ற ஊர் வரை வர 1891 ஆனது, கிளைடுக்கு 1907, குரோம்வெல்லுக்கு 1921. அணை வரப்போகிறது என்றதும் 1980இல் குரோம்வெல் பகுதியை மூடினார்கள். மீதி ரயில் அணைக்கான பொருள்களைச் சுமந்துகொண்டு இன்னும் சில காலம் ஓடி, அந்த வேலை தீர்ந்ததும் 1990இல் நின்றுபோனது. தன் தடத்தையே மூழ்கடிக்கும் அணைக்குச் சாமான் சுமந்த ரயில்!

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு அந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பக்கத்துப் பண்ணைகளுக்கு விற்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993இல் மிடில்மார்ச் முதல் கிளைடு வரை முழு நீளத்தையும் ஒரே உடைமையாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். இந்த வறண்ட காட்டில் சைக்கிள் விட யார் வருவார்கள் என்று கேட்டவர்களும் அதே ஊர்களில் இருந்தார்கள். ஜல்லியை வாரி, பொடிச்சரளை பரப்பி, பழைய ரயில் பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் போட்டு, 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டரும் திறந்துவிட்டார்கள்.

ரயிலுக்கென்று போட்ட தடம் என்பதால் ஏற்றம் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இதன் உச்சி. அங்கே ஒரு பலகை இல்லாவிட்டால் உச்சியைக் கடந்ததே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும். மனுஹெரிகியா ஆற்றின் ஓரமாகத் தொடங்கி, பூல்பர்ன் மலையிடுக்கில் நுழையும்போது இரண்டு ரயில் குகைகள் வருகின்றன. உள்ளே விளக்கு இல்லை, டார்ச் கட்டாயம். அவற்றுக்கு அருகே, பள்ளத்தாக்குக்கு மேலே 37 மீட்டர் உயரத்தில், கல் தூண்களின்மேல் இரும்புப் பாலம். உளியும் வெடிமருந்தும் கொண்டு அந்தக் கல்லை வெட்டியவர்கள் குளிர்காலத்திலும் இங்கே கூடாரத்தில்தான் கிடந்தார்கள். குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை. இந்தத் தடத்தில் இருக்கும் ரான்ஃபர்லியில் 1903 ஜூலையில் பூச்சியத்துக்குக் கீழே 25.6 டிகிரி பதிவானது. நியூசிலாந்தில் அதைவிடக் குறைந்த வெப்பநிலை பதிவானதில்லை.

இன்னும் கிழக்கே, ஹைடு ஊருக்கருகில், ஒரு வெட்டுவழி. 1943 ஜூன் 4 அன்று வேகமாக வந்த பயணிகள் ரயில் அங்கே தடம் புரண்டு 21 பேர் இறந்துபோனார்கள். பக்கத்தில் கல் குவித்து ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் அங்கே இறங்கிவிடுகிறார்கள்.

ரயில் நின்றபோது ஊர்களும் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இன்று பழைய விடுதிகளில் மறுபடி படுக்கை விரித்திருக்கிறது, டீயும் கேக்கும் விற்கும் கடைகள் திறந்திருக்கின்றன, சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர்களும் மூட்டையை அடுத்த ஊருக்கு வேனில் கொண்டுசேர்ப்பவர்களும் இதை நம்பிப் பிழைக்கிறார்கள். 2009இல் அரசு நாடு முழுக்க சைக்கிள் பாதை போட முன்வந்தபோது கையில் இருந்த உதாரணம் இதுதான்.

ஆனால் நிலம் ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் குளூதா ஆற்றிலேயே பார்க்கலாம். கிளைடுக்குக் கீழே அலெக்சாண்ட்ராவிலிருந்து குளூதா ஆற்றோடு ராக்ஸ்பர்க் மலையிடுக்கு வழியாக 2013இல் ஒரு பாதை திறந்தார்கள். நடுவில் நிலத்துக்கு இசைவு கிடைக்காததால் சுமார் 12 கிலோமீட்டர் விட்டுப்போயிருக்கிறது. அங்கே சைக்கிளை ஜெட் படகில் ஏற்றிக்கொண்டுதான் மறுமுனை போய்ச் சேர வேண்டும். அடுத்த வாரம் அந்தப் படகுத்துறையிலிருந்து.

(தொடரும்)