பொம்மையோடு வருபவர்களிடம் நான் கேட்பது

பாதிச் சிகிச்சையில் குழந்தையை ஊருக்கு அழைத்துப்போகும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். மருந்து இலவசமாகவே கிடைக்கட்டும். சென்னையில் வாடகை, பஸ் செலவு, அப்பா இழக்கிற தினக்கூலி? 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் அமைப்பு இதைப் புரிந்துகொண்டது. இன்று சென்னையிலும் அது இந்தக் குடும்பங்களுக்கு இலவசமாக அறை தருகிறது. பொதுச் சமையலறையில் அம்மாவே சமைத்துக்கொள்ளலாம். கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குச் சுத்தமான அறையும் சுடுசோறும் சிகிச்சையின் பகுதிதான் என்பேன்.

தன்னார்வலராக என் வேலை, இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்க ஆள் தேடுவது. கீமோ தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் கசியும். எடுத்த தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் சேர்த்துவைக்க வழியில்லை, புதிய கைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். எந்திரம் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தைக் கொடுப்பவரின் உடம்புக்கே திருப்பிவிடும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பிறந்தநாளுக்கு இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பொம்மையும் கேக்குமாக வருகிறவர்களின் அன்பு பெரிது. அவர்களிடம் நான் போன் நம்பரும் ரத்த வகையும் வாங்கிக்கொள்கிறேன். மூன்று நாளாக ஆஸ்பிரின் போடவில்லையே என்றும் கேட்டுக்கொள்வேன். அது தட்டணுவை வேலை செய்யவிடாது.