மூட்டின் அருமை

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சி வயல் வரம்பிலே நண்டொன்று ஓடுகின்றது. அருகே கமக்காரர் ஒருவர் குந்தியிருந்து களை பிடுங்குகின்றார். இவ்விரண்டு உயிர்களையும் இயங்கச் செய்வன மூட்டுகளே.

நண்டுக்கு எலும்பில்லை, ஓடே அதன் சட்டகம். விறைத்த ஓட்டுத் துண்டுகள் சந்திக்குமிடங்களில் மெல்லிய தோல் இருப்பதாலேயே அதன் கால் மடிகின்றது. மனிதனுக்கோ எலும்பு உள்ளே. முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல்போல மடிந்து நீள்வது. இடுப்பு மூட்டு கிண்ணத்துட் பந்துபோலப் பல திசையிலும் சுழல்வது. எலும்பு முனைகளைக் கசியிழையம் போர்த்துகின்றது. வழுவழுப்பான நீர் உராய்வைக் குறைக்கின்றது.

பகையிடம் சிக்கிய காலை நண்டு அடியிலே துண்டித்துவிட்டு ஓடிவிடும். பின்னர் ஓடு கழற்றுங் காலங்களில் அக்கால் மீண்டும் வளரும். மனிதனுக்கு அவ்வரம் இல்லை. 2009இல் முடிந்த போரிலே கண்ணிவெடியும் எறிகணையும் வன்னியிற் பலரின் கால்களைப் பறித்தன. கால் துண்டிக்க நேரும்போது இயன்றவரை முழங்காலைக் காக்கவே மருத்துவர் முயல்வர். அம்மூட்டும் போய்விடின் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலான சக்தி செலவாகும்.

1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் றப்பரைக் கொண்டு செயற்கைப் பாதமொன்றை உருவாக்கினர். அது பல பக்கமும் வளைந்து கொடுப்பதால், முழங்கால் எஞ்சியவர் அதனை அணிந்து சேற்றிலே வெறுங்காலாய் நடக்கலாம், குந்தியும் இருக்கலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் வடபுலத்தவர்க்குச் செயற்கைக் கால்களைச் செய்து வழங்குகின்றது.

வரம்பில் நடந்து வயலில் இறங்கவேண்டியவருக்குத் தாங்கி நிற்குங் கால் மட்டும் போதாது. வளைந்து கொடுக்கும் மூட்டும் வேண்டும்.