கோடியக்கரை மானுக்குப் படியளப்பது யார்?

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யம் போகிற குடும்பங்கள் கோடியக்கரையிலும் கடலாடிவிட்டுத்தான் திரும்பும். வழியில் "அதோ மான்!" என்று குழந்தைகள் கூவுமே, அந்த வெளிமான்களுக்காகத்தான் 1967-ல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். மழைக்காலம் வந்தால் உப்பங்கழியில் பூநாரைகள் வேறு கூட்டம் கூட்டமாய் இறங்கும்.

பார்க்க அழகுதான். செலவு? கோடையில் மான்களுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். காவலர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். புல்வெளியை விழுங்கும் சீமைக் கருவையைப் பிடுங்க வேண்டும். அதுவோ நம் வீட்டுக் கொல்லைக் கோரை மாதிரி. இன்று பிடுங்கினால் நாளை முளைக்கும். மாடுகள் காயைத் தின்று விதையை ஊரெல்லாம் பரப்பிவிடும். போதாக்குறைக்கு 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, மான்களும் மாண்டன.

"2002-லேயே ராம்சார் பட்டம் கிடைச்சாச்சே, வெளிநாட்டுப் பணம் கொட்டாதா?" என்பீர்கள். தமிழ்நாட்டிலேயே முதலில் அந்தப் பட்டம் பெற்ற ஈரநிலம் இதுதான். ஆனால் பட்டம் வேறு, பணம் வேறு. ஈரநிலங்களுக்கான மத்தியத் திட்டத்தில் டில்லி 60 பங்கு போட்டால் மாநிலம் 40 பங்கு போட வேண்டும். கை இறுக்கமான வருஷத்தில் இந்த மாதிரிச் செலவுதான் முதலில் தள்ளிப்போகும். நம் வீட்டில் சுண்ணாம்பு அடிப்பது தள்ளிப்போவதில்லையா, அதுபோல!

அதனால்தான் உலகம் புதுவழி தேடுகிறது. கோஸ்டாரிகாவில் 1997 முதல் பெட்ரோல் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நிலக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். சீஷெல்ஸ் தீவுகளின் கதை இன்னும் சுவாரசியம். கடனில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்குத் தீர்த்துக்கொண்டு, மிச்சமான பணத்தைக் கடல் காக்கச் செலவிட ஒப்புக்கொண்டது அந்த நாடு. 2020-ல் தன் கடலில் 30 சதவீதத்தைக் காப்புப் பகுதியாக்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் காண்டாமிருகங்களுக்காக உலக வங்கி 2022-ல் 15 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. பத்திரம் வாங்கியவருக்கு வட்டி கிடையாது; அந்தப் பணம் காட்டுக்குப் போகும். காண்டாமிருகம் பெருகினால் முடிவில் வெகுமதி உண்டு. பெருகாவிட்டால் அசல் மட்டும்தான். கேட்கச் சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் எண்ணுவதற்கு எளிதான மிருகத்துக்குத்தான் இது சரிப்படும். இன்று கோடியக்கரை, நாளை வேறு நாடு என்று பறக்கும் பறவையை எப்படிக் கணக்கெடுத்து வெகுமதி தருவது?

நம் நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 2006-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திப் புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளை வைத்தார்கள். நுழைவுச் சீட்டுப் பணம் பொதுக் கஜானாவில் கலந்துவிடாமல் அந்தக் காட்டுக்கே திரும்ப இது வழி செய்தது. பறவைகள் வரும் இடத்துக்கும் இப்படி ஓர் உண்டியல் இருந்தால் என்ன?

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். காட்டை மூடினால் அன்றாடம் இடிபடுவது விறகு பொறுக்கும் பெண்ணும், உப்பளத்தில் வெயிலில் நிற்பவளும், வலை உலர்த்தும் மீனவக் குடும்பமும்தான். சீட்டுப் பணமோ பத்திரப் பணமோ எது வந்தாலும், கருவை பிடுங்கும் கூலியும் வழிகாட்டி வேலையும் முதலில் இவர்களுக்குக் கிடைக்கட்டும். ஆண்களுக்குத் தரும் அதே கூலி, கையில் ரொக்கமாக.