எல்மினா: தாய்வழிக் குலமும் தந்தைவழிப் படையும்

கானா நாட்டுக் கடற்கரையில், பென்யா காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த மீனவ ஊர் எல்மினா. தங்க வணிகத்தை நாடி 1482இல் போர்ச்சுகீசியத் தளபதி தியோகோ தெ அசம்பூஜா இங்கு வந்தார். கோட்டை கட்ட அவர் இடம் கேட்டபோது, ஊர்த் தலைவர் குவாமெனா அன்சா தயங்கினார். முன்புபோல் கப்பல்கள் வந்து போனாலே நட்பு நீடிக்கும் என்றார். வருங்காலத்தை அறிந்தவர்போல் பேசிய அந்தத் தலைவரின் சொல் எடுபடவில்லை. மக்கள் புனிதமாகக் கருதிய பாறையைக் கொத்தர்கள் உடைக்கத் தொடங்கியதும் கைகலப்பு மூண்டது. பரிசுகள் தந்து சமாதானம் செய்தபின் கோட்டை எழுந்தது. பின்னாளில் அதன் நிலவறைகளில் அடிமைகள் அடைக்கப்பட்டனர். 1637இல் கோட்டை டச்சுக்காரர் வசமானது. 1872இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதை ஏற்க மறுத்த பழைய ஊரை மறு ஆண்டே ஆங்கிலேயர் குண்டுவீசித் தரைமட்டமாக்கினர்.

இவ்வளவுக்கும் பிறகு குல மரபு குலையாதது பெரிய விஷயம். இங்குள்ள ஃபான்டி மக்கள் அகான் இனத்தின் ஒரு பிரிவினர். ‘எபுசுவா’ எனும் குலமும் சொத்துரிமையும் தாய்வழி வருபவை. ‘அசாஃபோ’ எனும் ஊர்ப் படையிலோ பிள்ளை தந்தையின் அணியில்தான் சேரும். ஒவ்வொரு படைக்கும் தனிக் கொடி, தனி எண், ‘போசுபான்’ எனும் கோயில் உண்டு. சிமெண்டில் வடித்து வண்ணம் பூசிய கப்பலும் மாலுமிகளும்கூட அங்கே காவல் நிற்கின்றனர்.

ஆண்டுதோறும் ஜூலை முதல் செவ்வாயன்று இவ்வூரில் பகாதுவே விழா. காயலில் வலை வீசி, அதுவரை அங்கு இருந்த மீன்பிடித் தடையை அன்றுதான் நீக்குகிறார்கள்.