உங்களுக்குத் தெரியுமா? லைசென்ஸ் சஸ்பெண்ட், வண்டி ரோட்டில்!

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல இடங்களில் பஸ் என்ற பேச்சே இல்லை. வேலைக்கும் கடைக்கும் கார்தான். அதனால் சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு ஓட்டிப் பிடிபடுவது அங்குள்ள சிற்றூர் கோர்ட்டுகளில் அன்றாட வழக்கு. குற்றம் ஒன்றுதான். ஆனால் ஒருவர் அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார், இன்னொருவர் கம்பி எண்ணுகிறார். லைசென்ஸ் எதனால் போனது, அதைச் சரிசெய்ய அவர் என்ன செய்தார் என்பதில்தான் முடிவு பெரும்பாலும் தொங்குகிறது.

★ இதற்கு அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. லைசென்ஸைக் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலங்களின் அதிகாரம். டெக்சாஸில் முதல் முறை சிக்கினால் பெரும்பாலும் 500 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். வர்ஜீனியாவிலோ சட்டப்படி 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

★ நியூயார்க் இந்தக் குற்றத்தை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. அடி நிலையில் 200 முதல் 500 டாலர் அபராதம், அல்லது 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். 18 மாதத்துக்குள் மறுபடி மாட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டியதால் லைசென்ஸ் போயிருந்தாலோ அடுத்த நிலை: 180 நாள் வரை உள்ளே இருக்கலாம். உச்ச நிலை பெருங்குற்றம். 4 ஆண்டு வரை சிறை.

★ அந்த உச்ச நிலைக்குப் போக விபத்து எதுவும் நடக்க வேண்டியதில்லை. டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல், வாய்தாவுக்குப் போகாமல் விட்டதால் விழுந்த சஸ்பென்ஷன்கள் பத்து வெவ்வேறு தேதிகளில் பதிவாகி, நீங்காமல் நிலுவையில் இருந்தாலே நியூயார்க்கில் அது பெருங்குற்றம்தான். அலட்சியமாக டிராயரில் போட்ட கடிதங்களே ஆளைச் சிறைவாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

★ “சஸ்பெண்ட் ஆனதே எனக்குத் தெரியாது” என்பது வெறும் சாக்கு அல்ல, வழக்கையே சாய்க்கக்கூடிய வாதம். ஓட்டியவருக்கு அது தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தது என்று நியூயார்க்கில் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். புளோரிடாவிலும் தெரியாமல் ஓட்டினால் அது குற்றமாகாது, சாதாரண விதிமீறல்தான்.

★ முன்னால் போகும் வண்டியின் நம்பரை ஷெரீப்பின் ஆள் கம்ப்யூட்டரில் தட்டுகிறார். உரிமையாளரின் லைசென்ஸ் ரத்து என்று திரையில் வருகிறது. வேறு எந்தத் தப்பும் தெரியாவிட்டாலும் வண்டியை நிறுத்தலாமா? கான்சஸ் மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டியிலிருந்து வந்த வழக்கில், நிறுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. உரிமையாளர்தான் ஓட்டுவார் என்று ஊகிப்பது நியாயம் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் உரிமையாளர் அறுபதைத் தாண்டிய ஆண் என்று தெரிந்திருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது இருபதுகளில் உள்ள பெண் என்று கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ஊகம் செல்லாது.

★ நியூயார்க் சிற்றூர் கோர்ட்டுகளில் நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் தனியாக ஒரு பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பல ஊர்களில் கோர்ட் கூடுவது சாயங்காலத்தில், ஊர் மன்றக் கட்டடத்தில்.

★ கென்டக்கியின் லிஞ்ச் என்ற சுரங்க ஊரில் நீதிபதியாக இருந்தவர் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. குடித்துவிட்டு ஓட்டிய ஒருவருக்கு அவர் 30 நாள் சிறை, 150 டாலர் அபராதம் விதித்து லைசென்ஸையும் பறித்தார். முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனையே இல்லை! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மேல் கோர்ட்டில் விசாரணையை அடியிலிருந்து மறுபடி நடத்த வழி இருப்பதால், வக்கீல் அல்லாதவர் நீதிபதியாக இருக்கலாம் என்று 1976-ல் தீர்ப்பாயிற்று.

★ வக்கீல் வைக்கக் காசில்லாதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், குற்றம் எவ்வளவு சிறியதானாலும் அரசே வக்கீல் கொடுத்திருக்க வேண்டும். இது உச்ச நீதிமன்றத்தின் 1972 தீர்ப்பு. தண்டனையை நிறுத்திவைத்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2002-ல் சேர்த்தார்கள். வெறும் அபராதத்தோடு முடிகிற சிறு குற்ற வழக்குக்கு அந்த உரிமை இல்லை. அதனால் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்பவர்கள் ஏராளம்.

★ இத்தகைய வழக்கில் வக்கீல் தன் கட்சிக்காரரை முதலில் அனுப்புவது லைசென்ஸ் ஆபீசுக்குத்தான். பழைய டிக்கெட்டுக்குப் பதில் சொல்லி, ஒவ்வொரு சஸ்பென்ஷனையும் நீக்க 70 டாலர் கட்டணம் கட்டி, லைசென்ஸ் திரும்பிவிட்டது என்ற தாளோடு வாய்தாவுக்குப் போனால் நியூயார்க் கிராமக் கோர்ட்டில் காற்று திசை மாறும். ‘லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார்’ என்ற விதிமீறலாகக் குறைத்து முடிக்க அரசு வக்கீல் பெரும்பாலும் சம்மதிப்பார். விதிமீறல் குற்றமல்ல; கிரிமினல் பதிவும் மிஞ்சாது.

★ டெக்சாஸில் லைசென்ஸ் போனவர், அத்தியாவசியத் தேவைக்காக மட்டும் ஓட்ட கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். கிடைத்தால் ஒரு நாளில் 4 மணி நேரம் ஓட்டலாம். தேவையைக் காட்டினால் 12 மணி நேரம் வரை நீளும். எந்த நேரம், எந்தப் பகுதி, எதற்காக என்பதெல்லாம் உத்தரவில் எழுதியிருக்கும். அந்த உத்தரவு வண்டியில் கையோடு இருக்க வேண்டும்.

★ லைசென்ஸ் சலுகையா, உரிமையா? ஜார்ஜியாவில் மூன்று கிராமப்புறச் சமூகங்களுக்குக் காரில் போய் ஊழியம் செய்த ஒரு பாதிரியாரின் வண்டியில் ஐந்து வயதுச் சிறுமி சைக்கிளில் வந்து மோதினாள். அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை. தப்பு யார்மேல் என்று பார்க்காமலே, 5,000 டாலர் ஈடு கட்டாவிட்டால் லைசென்ஸ் போகும் என்றது மாநிலம். கொடுத்த லைசென்ஸ் பிழைப்புக்கே ஆதாரமாகிவிடலாம், விசாரிக்காமல் பறிக்கக் கூடாது என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

★ லைசென்ஸ் போவதற்கு வண்டி ஓட்டியதே காரணமாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைப் பராமரிப்புத் தொகையைப் பாக்கி வைத்தவர்களின் லைசென்ஸை நிறுத்த எல்லா மாநிலங்களும் வழி செய்ய வேண்டும் என்று 1996-ன் மத்திய சட்டம் சொல்கிறது. கோர்ட் அபராத பாக்கிக்காக லைசென்ஸ் இழந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 2019 ஜூலையில் வர்ஜீனியா அந்தத் தடையை நீக்கியது. நியூயார்க்கும் 2021-ல் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, தவணைக்கு வழி திறந்தது. வாய்தாவுக்கு வராதவருக்கு மட்டும் இன்றும் விலக்கு இல்லை.

★ புளோரிடாவில் ஐந்து ஆண்டுக்குள் மூன்று முறை இதே குற்றத்தில் தண்டனை பெற்றால் ‘பழக்கக் குற்றவாளி’ முத்திரை. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ரத்து. “சரி, பக்கத்து மாநிலத்தில் புதிதாக எடுத்துக்கொள்கிறேன்” என்று கிளம்பினாலும் பலிக்காது. சஸ்பெண்ட் ஆனவர்களின் பெயர்கள் தேசியப் பதிவேட்டில் இருக்கின்றன. எந்த மாநிலமும் புது லைசென்ஸ் தருவதற்கு முன் அதைத்தான் முதலில் தட்டிப் பார்க்கும்.