இனிப்புநீர் இருப்பதை உங்கள் பழைய ரிப்போர்ட்டே சொல்லக்கூடும்

நாற்பத்தெட்டு வயது லோரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால், இவரைப் போன்ற ஒருவர் நம் தோட்டத்திலோ தாமானிலோ சொந்தபந்தத்திலோ கட்டாயம் இருப்பார்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு வேலையில் சேர்ந்தபோது நிறுவனத்தின் பேனல் கிளினிக்கில் அவருக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 6.5. “கொஞ்சம் கூடுதலா இருக்கு, இனிப்பைக் குறைச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிங்கிக் காய்ச்சல். மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்தார். அங்கே எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 12.3. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சர்க்கரையை மறுபடியும் யாரும் பார்க்கவில்லை. போன ஆண்டு காலில் பட்ட காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. வேறொரு கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள்.

மூன்று இடத்திலும் அவரைப் பற்றிய பதிவு இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வரும். ஆனால், ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லை. அவரைக் கேட்டால், “எனக்கு இனிப்புநீர் இல்லை” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*ஐவரில் இருவருக்குத் தெரியாது*

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயது வரையிலான நீரிழிவு நோயாளிகளில் 84 விழுக்காட்டினர் அறியாமலேயே இருக்கிறார்கள்.

நம் சமூகத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரிக்கும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் காரணம். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் இதைச் சமாளிக்கலாம்.

*கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?*

மின்னியல் மருத்துவப் பதிவேடு என்பது கிளினிக்கில் உங்கள் பெயரில் இருக்கும் கோப்பின் கணினி வடிவம். எடை, இரத்த அழுத்தம், பரிசோதனை முடிவுகள், கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருக்கும். காகிதக் கோப்பை ஒருவர் புரட்டினால்தான் உண்டு. கணினியிடமோ ஒரு கேள்வியைக் கேட்டு, ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சில நிமிடங்களில் தேடச் சொல்லலாம்.

முதல் கேள்வி எளிமையானது: “சர்க்கரை அளவு வரம்பைத் தாண்டியிருந்தும், நீரிழிவு நோயாளி என்று பதிவாகாதவர்கள் யார்?” பிரிட்டனில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே 480 குடும்ப கிளினிக்குகளில் இருந்த 36 லட்சம் பேரின் பதிவேடுகளைத் தேடிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி அகப்பட்டார்கள். அவர்களுக்குப் புதிதாக ஊசி குத்தவில்லை. முடிவு ஏற்கெனவே கோப்பில் இருந்தது; அதை யாரும் தொடர்ந்து கவனிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி சற்று நுட்பமானது. வயது, உடல் பருமன், இரத்தக் கொதிப்பு, பெற்றோருக்கு நீரிழிவு, கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணினி பட்டியலிடும். பட்டியலில் பெயர் வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. அவர்களை அழைத்து முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதே பொருள். நம் லோரி ஓட்டுநரின் 12.3கூட காய்ச்சலின் தாக்கத்தால் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். மறுபரிசோதனைதான் முடிவு சொல்லும்.

*இங்கே என்ன சிக்கல்?*

பிரிட்டனில் ஒருவர் ஒரு குடும்ப கிளினிக்கில் பதிந்துகொள்வார். வீடு மாறினால் கோப்பும் கூடவே போகும். இங்கே அப்படியில்லை. காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக், வேலைக்குப் பேனல் கிளினிக், பெரிய நோய்க்கு அரசாங்க மருத்துவமனை என்று போகிறோம். 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனையாகவே தொடங்கியது. ஆனாலும் இன்றுவரை பல அரசாங்க மருத்துவமனைகளில் காகிதக் கோப்புதான். தனியார் கிளினிக்கின் கணினியும் அரசாங்கத்தின் கணினியும் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸர் இருப்பார். எந்த லயத்தில் யாருக்கு என்ன நோய், யாருடைய அப்பாவுக்கு இனிப்புநீர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தபோது அந்த நினைவும் போய்விட்டது.

இன்னொன்று: பரிசோதனையே செய்யாதவரைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர், மோட்டாரில் உணவு அனுப்பும் இளைஞர், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பவர் யாரும் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

*நாம் செய்யக்கூடியவை*

கணினிகள் ஒன்றோடொன்று இணையும்வரை நம் பதிவேட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

1. வீட்டில் ஆளுக்கொரு ஃபைல் போடுங்கள். எங்கே இரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது தவறல்ல. கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

2. மூன்று எண்களை நினைவில் வையுங்கள். வெறும் வயிற்றில் 7.0, சாப்பிட்ட பிறகோ மற்ற நேரத்திலோ 11.1, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 விழுக்காடு. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பரிசோதித்துத்தான் உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை என்றால் அது எச்சரிக்கை மணி.

3. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததாகப் பிங்க் புத்தகத்தில் எழுதியிருந்தால், பிள்ளை பிறந்த ஆறாவது வாரத்தில் பரிசோதியுங்கள். பிறகு ஆண்டுதோறும் தொடருங்கள். பல தாய்மார்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

4. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிப்பது நல்லது. பெற்றோருக்கு இருந்தாலோ உடல் பருமன் இருந்தாலோ அதற்கும் முன்பே தொடங்குங்கள். எஸ்.டி.ஆர். உதவி பெறுவோரும் அவர்களின் துணைவரும் நாற்பது வயதானால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். சந்தா செலுத்தும் தொழிலாளர்கள் சொக்சோவின் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

5. புதிய கிளினிக்குக்குப் போனால் ஃபைலையும் எடுத்துச் செல்லுங்கள். “அப்பாவுக்கு இனிப்புநீர்” என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அலமாரியில், மெத்தைக்கு அடியில், பழைய பிளாஸ்டிக் பையில் கிடக்கும் ரிப்போர்ட்டுகளை இந்த வார இறுதியில் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். சர்க்கரை என்ற வரியில் மேலே சொன்ன எண் ஏதாவது கண்ணில் பட்டால், திங்கட்கிழமை காலை கிளினிக்குக்குக் கிளம்பிவிடுங்கள். முந்தின இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் போனால், அன்றே இரத்தம் எடுத்துவிடலாம்.