அஸ்திவாரம் அவங்களது... மெட்டு நம்மளது! பழைய பாட்டுக்குள்ளே புதுப் பாட்டு பிறக்கும் கதை

1945 நவம்பர் 26. நியூயார்க்கில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் அவருடைய குழுவும் வாசிக்க ஆரம்பிக்கிறாங்க. அதிரடியான முன்னிசை முடிந்ததும், 'செரோக்கி' என்ற ஹிட் பாட்டின் மெட்டுக்குள் நுழையறாங்க. உடனே 'நிறுத்து' என்று விசில் சத்தம். வாசிப்பு அப்படியே நிற்குது.

அடுத்து முழுசா வாசித்த டேக்கில் 'செரோக்கி'யின் மெட்டு எங்கேயும் இல்லை. ஆனா, அந்தப் பாட்டின் கார்ட் வரிசை மட்டும் அடியில் அப்படியே ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்குப் புதுப் பெயர், 'கோ-கோ'. ஜாஸ் வரலாற்றையே திருப்பிப் போட்ட பதிவுகளில் இதுவும் ஒன்று.

பழைய பாட்டின் மெட்டைத் தூக்கிவிட்டு, அதன் கார்ட்கள் மேலே புது மெட்டு கட்டுவதற்கு ஜாஸ் உலகில் 'கான்ட்ராஃபாக்ட்' என்று பெயர். நமக்குப் பழக்கமானது பழைய மெட்டுக்குப் புது வரிகள் எழுதுறது. இங்கே மெட்டே புதுசு!

கார்ட் வரிசைன்னா என்ன?

மூன்று அல்லது அதுக்கு மேற்பட்ட ஸ்வரங்களைச் சேர்ந்து ஒலிக்கவிட்டால் அது ஒரு கார்ட். பாட்டு முழுக்க கார்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் ஒழுங்குதான் கார்ட் வரிசை. வீட்டுக்கு அஸ்திவாரமும் தூண்களும் மாதிரி. நாம முணுமுணுப்பது கார்டை இல்லை, மேலே ஓடும் மெட்டைத்தான். அதனால, ஒரே தூண்கள் மேலே வேற வீடு கட்டினால் பலருக்கு அடையாளமே தெரியாது.

இதில் சூப்பர்ஸ்டார், ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-ல் 'கேர்ல் கிரேஸி' என்ற பிராட்வே இசை நாடகத்துக்காகப் போட்ட 'ஐ காட் ரிதம்'. அதன் கார்ட்களை ஜாஸ் கலைஞர்கள் 32 பார்களாகச் சுருக்கி எடுத்துக்கிட்டாங்க. எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது மட்டும் வேற. டியூக் எலிங்டனின் 'காட்டன் டெய்ல்', சோனி ரோலின்ஸின் 'ஓலியோ', ஏன்... 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனின் டைட்டில் பாட்டு வரைக்கும் இதே அஸ்திவாரம்தான்.

ஏன் இப்படிச் செஞ்சாங்க?

முதல் காரணம், நள்ளிரவு ஜாம். நியூயார்க்கின் ஹார்லெமில் 'மின்டன்ஸ் பிளேஹவுஸ்' மாதிரி இடங்களில், முன்பின் தெரியாதவங்ககூட ஒரே மேடையில் வாசிப்பாங்க. எல்லோருக்கும் தெரிந்த கார்ட் வரிசை இருந்தால் ஒத்திகையே வேண்டாம்.

இரண்டாவது, காசு. அடுத்தவர் மெட்டைப் பதிவு செய்தால் அதை எழுதியவருக்கு ராயல்டி போகும். ஆனா, வழக்கமான கார்ட் வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. புது மெட்டு போட்டால் ரெக்கார்டு கம்பெனிக்குச் செலவு மிச்சம். இசையமைப்பாளர் இடத்தில் வாசித்தவரின் பெயரும் வரும்.

பெயர் வந்தது... பணம் வந்ததா? 1946-ல் பார்க்கர் 'மூஸ் தி மூச்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதுவும் 'ஐ காட் ரிதம்' கார்ட்கள்தான். தலைப்பு, அவருக்கு ஹெராயின் விற்ற ஆளின் பட்டப்பெயர்! அந்த ரெக்கார்டு கம்பெனியிடமிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டியில் பாதியை அந்த ஆளுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார் பார்க்கர். 1955-ல் இறந்தபோது அவருக்கு வயது 34.

காப்பி இல்லையா இது?

இந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கு. எட் ஷீரனின் 'திங்கிங் அவுட் லவுட்' பாட்டு, மார்வின் கயேயின் 1973 ஹிட் 'லெட்ஸ் கெட் இட் ஆன்' போலவே இருக்குன்னு வழக்கு. சாட்சிக் கூண்டில் கிட்டாரையே வாசித்துக் காட்டினார் ஷீரன். 'இந்த மாதிரி கார்ட் வரிசைகள் இசையமைக்கிற எல்லோருக்கும் பொதுவான செங்கல்கள்' என்பதுதான் அவர் தரப்பு வாதம். 2023 மே மாதம் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

அதுக்காக எதை வேணா எடுக்கலாம்னு அர்த்தமில்லை. அந்தப் பாட்டுக்கே உரிய பேஸ் லைன், கிட்டார் ரிஃப் எல்லாம் சிக்கலைக் கொண்டுவரலாம். அசல் ஒலிப்பதிவுக்குத் தனி காப்புரிமை இருக்கு. அதனால கார்ட்களை நீங்களே வாசியுங்க; அவங்க டிராக்கை வெட்டி ஒட்டாதீங்க.

நீங்களும் டிரை பண்ணலாம்!

போனில் ஒரு பியானோ ஆப் போதும். சி, ஜி, ஏ மைனர், எஃப். எத்தனையோ பாப் பாட்டுகளின் முதுகெலும்பு இந்த நான்கு கார்ட்கள்தான். ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கைக்குத் திரும்பத் திரும்ப வாசித்து ரெக்கார்டு பண்ணிக்கோங்க.

இப்போ சி என்ற ஒற்றை ஸ்வரத்தை மட்டும் பாடுங்க. சி, ஏ மைனர், எஃப் மூன்று கார்டுக்குள்ளேயும் அது இருக்கு. அதனால பொருந்தும். ஜி கார்ட் வரும்போது மட்டும் உரசும். அங்கே பக்கத்தில் இருக்கும் பி-க்கு இறங்கி, அடுத்த கார்டில் மறுபடி சி-க்கு ஏறுங்க. சி-யை 'ச' என்று வைத்தால், 'ச நி ச ச'. நீங்க மாற்றியது ஒரே ஒரு ஸ்வரம். ஆனா, கார்ட் மாற மாற அதே 'ச' வேற வேற மூடில் கேட்கும்.

அடுத்து தாளத்தை மாற்றுங்க. நீளமான ஸ்வரத்தைத் துண்டாக்குங்க, நடுவில் மௌனம் விடுங்க. பழைய பாட்டின் மெட்டு நாக்கில் வந்து உட்காருதா? அது ஏறுகிற இடத்தில் நீங்க இறங்குங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். 1960-ல் பெர்லின் மேடையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிய 'ஹவ் ஹை தி மூன்' பதிவைத் தேடிக் கேளுங்க. அந்தப் பாட்டின் கார்ட்கள் மேலே உருவானதுதான் பார்க்கரின் 'ஆர்னித்தாலஜி'. பாடிக்கிட்டே இருக்கும்போது எல்லா சட்டுனு அந்த மெட்டுக்குள்ளே தாவுவார். கீழே கார்ட்கள் அப்படியே ஓடும். எந்த இடத்தில் தாவினார்னு உங்க காது கண்டுபிடிக்குதா, பாருங்க!